சேவை மனப்பான்மை உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

14 டிசம்பர் 2024

லாஸ்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி. ஒரு சொல்லும் மாற்றாமல் போடுகிறேன்.

"ஃபெஞ்சல் வெள்ளத்துக்குப் பிறகு மனசு கேட்காமல், கடலூர்ப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு 10,000 ரூபாய் கொடுத்தேன். ரசீதோடு ஆண்டறிக்கையும் தந்தார்கள். பார்த்தால் செலவில் பாதிக்குப் பாதி சம்பளம். என் பணம் பிள்ளைகள் தட்டுக்குப் போகும் என்று நினைத்தேன். தர்ம காரியம் செய்கிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு சம்பளம்? சம்பளம் வேண்டுமென்றால் கம்பெனிக்குப் போக வேண்டியதுதானே?"

சார், நான் போனேன். கம்பெனிக்குத்தான் போனேன். 2005 மார்ச் முதல் 2013 மார்ச் வரை கடலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். இப்போது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் அதே டெபிட்டையும் கிரெடிட்டையும்தான் எழுதுகிறேன். சேர்ந்த அன்றே மூன்று மடங்கு சம்பளம். அதனால் இந்தக் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

தட்டு விஷயத்துக்கு முதலில் வருகிறேன். நாற்பது பிள்ளைகள் உள்ள இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நாலரைக்கு அடுப்புப் பற்றவைக்க ஒருவர். காய் நறுக்கி, பாத்திரம் தேய்க்க ஒருவர். இரவில் பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளும் அக்கா ஒருவர். நடுராத்திரியில் ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவர்தான். கேட்டில் ஒருவர், சாயங்காலம் பாடம் சொல்லித்தர ஒருவர். இதெல்லாம் ஆடம்பரம் கிடையாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகள், இல்லம் நடத்துகிறவர் யார் யாரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கின்றன: ஆற்றுப்படுத்துநர், வீட்டுத்தாய், சமையலர், உதவியாளர் என்று.

ஆக, இல்லத்தில் சம்பளம்தான் சேவை. போர்வை கொடுக்கிற நிறுவனம் பாதிப் பணத்தைச் சம்பளத்தில் காட்டினால் உங்களோடு சேர்ந்து நானும் சத்தம் போடுவேன்.

15 டிசம்பர் 2024

"அவ்வளவு ஆர்வம் இருந்தால் ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று ஒருவர். சொல்கிறேன், இப்போது வேண்டாம்.

அதுவரைக்கும், தொண்டு நிறுவன வேலை விளம்பரங்களைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு அகராதி. "சேவை மனப்பான்மை உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்": சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "சொந்த இருசக்கர வாகனம் விரும்பத்தக்கது": பெட்ரோல் உங்களுடையது. "களப்பணியில் ஈடுபாடு": ஞாயிற்றுக்கிழமை கூட்டம் உண்டு. "ஊதியம் தகுதிக்கேற்ப": எங்கள் தகுதிக்கேற்ப.

17 டிசம்பர் 2024

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். நாலு பேருக்கும் ஒரே பழமொழிதான் தெரியும் போல.

நக்குகிறார்கள். பார்த்திருக்கிறேன். ஆனால் நக்குகிறவர்கள் அதைச் சம்பளத் தலைப்பில் எழுத மாட்டார்கள்; சம்பளம் என்று எழுதினால் எல்லோரும் பார்ப்பார்களே! அது "பயிற்சி முகாம் – உணவு", "வாகன வாடகை", "அச்சுச் செலவு" என்றுதான் வரும். எட்டு வருடம் வவுச்சர் ஒட்டியவள் சொல்கிறேன். சம்பளம் அதிகம் காட்டுகிற நிறுவனத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் குறையத்தான் செய்கிறது.

சட்டமும் சும்மா இல்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது. 2020 செப்டம்பரில் அதை 20 ஆகக் குறைத்தார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவோ, அறங்காவலருக்கோ அவருடைய சொந்தக்காரருக்கோ நியாயத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வரி விலக்கு போய்விடும் என்கிறது. சம்பளமே வாங்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று கொடுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தில் தொண்டு நிறுவனம் 5 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்கு எடுக்கவே முடியாது.

18 டிசம்பர் 2024

நேற்று கடைசியில் எழுதியது தப்பு. நெய்வேலியிலிருந்து ஒரு ஆடிட்டர் தலையில் குட்டினார். அந்த 5 சதவீத வரம்பு, சி.எஸ்.ஆர். வேலையைக் கவனிக்கக் கம்பெனி தனக்காகச் செய்துகொள்ளும் நிர்வாகச் செலவுக்கு. பணத்தை வாங்கி வேலை செய்கிற தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு இல்லை. 2021-இல் அமைச்சகமே இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

எனக்கு ஏன் அப்படிப் பதிந்தது என்று யோசித்தேன். என் பழைய தொண்டு நிறுவனத்தில் இன்னும் வேலை செய்கிற என் தோழி சொன்னதுதான். கம்பெனி அதிகாரி வந்து "ஐந்துக்கு மேல் ரூல் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ரூல் அவருக்கு, பட்டினி இவர்களுக்கு.

இன்னொன்றும் தோழி சொன்னாள். வெளிநாட்டுப் பணத்தில் 20 சதவீத வரம்பு வந்த பிறகு பதவிப் பெயர்களெல்லாம் மாறிவிட்டன. விதிப்படி ஆஸ்பத்திரி நடத்தினால் டாக்டர் சம்பளமும், பள்ளிக்கூடம் நடத்தினால் டீச்சர் சம்பளமும் நிர்வாகச் செலவு ஆகாது. கணக்கு எழுதுகிறவர் சம்பளம் ஆகும். அதனால் என் பழைய நாற்காலியில் இருப்பவர் இப்போது காகிதத்தில் "நிதிக் கல்வி பயிற்றுநர்". மாதம் ஒரு முறை மகளிர் குழுவுக்குப் போய் வங்கிச் சலான் எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறாராம். போட்டோவும் உண்டு.

26 டிசம்பர் 2024

சுனாமி வந்து இன்று இருபது வருடம்.

காலையில் தேவனாம்பட்டினம் போய்விட்டு வந்தேன். கடலில் பால் ஊற்றினார்கள், பூ போட்டார்கள். அலை அமைதியாக இருந்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. சம்பளத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

2005-இல் கடலூருக்கு வந்த நிறுவனங்களுக்குக் கணக்கில்லை. மஞ்சக்குப்பத்தில் மாடி வீடுகளின் வாடகை இரண்டு மடங்கானது. எனக்குத் தொடக்கச் சம்பளம் 2,800. எங்களிடம் பத்து வருடமாகக் குப்பங்களில் குழு நடத்திக்கொண்டிருந்த அனிமேட்டர் (களப்பணியாளர்) அக்காவுக்கு 2,200. பக்கத்துத் தெருவில் வந்திறங்கிய வெளிநாட்டு அலுவலகத்தில் ஜீப் ஓட்டிய தம்பிக்கு 8,000. மே மாதம் அக்கா அங்கே போய்விட்டார், 11,000 சம்பளத்துக்கு. எந்த வீட்டில் யார் இறந்தார்கள், எந்த வீட்டுக்கு இரண்டு முறை அரிசி போனது, எந்த வீட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்துக்கு 11,000 விலை உண்டு என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

"காசுக்குப் போய்விட்டாள்" என்றார் டைரக்டர் சார். நானும் தலையாட்டினேன். அக்காவுக்கு வயதுக்கு வந்த இரண்டு பெண்கள், வீட்டுக்காரர் படுத்த படுக்கை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தலையாட்டினேன். பதினெட்டு மாதத்தில் அந்த அலுவலகம் மூட்டை கட்டியது. அக்கா திரும்பி வந்தார். "புத்தி வந்ததா?" என்று கேட்டுவிட்டு 2,500-க்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் படகு. கட்டுமரம் போனவர்களுக்கு ஃபைபர் படகு கொடுப்பது என்று முடிவானது. இந்தக் கரையில் அப்போது ஆளாளுக்குப் படகு கொடுத்தார்கள். பல குப்பங்களில் போனதைவிட வந்தது அதிகம். எங்கள் பங்குக்கு அறுபது. படகு கட்டும்போது கூடவே நின்று பார்க்க, விஷயம் தெரிந்த ஒரு பொறியாளரை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. 40,000 ரூபாய் கேட்டார். "படகுக்காக வந்த பணத்தை ஆளுக்குக் கொடுப்பதா?" என்று நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. பட்டறைக்காரர் ரெசினில், அதாவது ஃபைபரை இறுக்கும் பசையில், மிச்சம் பிடித்திருக்கிறார். இரண்டாவது வருடமே அடிப்பக்கம் வெடிப்பு விட ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் பாதிப் படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. பிள்ளைகள் அதன் மேல் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள்.

"நிர்வாகச் செலவு வெறும் 7 சதவீதம்" என்று அந்த வருட ஆண்டறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டோம். நான்தான் டைப் செய்தேன்.

27 டிசம்பர் 2024

"அப்போ சம்பளத்தை ஏற்றினால் நல்ல ஆள் வருவார், அவ்வளவுதானே?"

இல்லை. சென்னையிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். ஒரு நாளைக்கு 6,000. சிங்காரத்தோப்பில் மீன் விற்கும் பெண்களை வட்டமாக உட்காரவைத்து, "சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின்" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதே கேள்வியை அதற்கு முன்பு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடை காய்கிறது, மீன் கெடுகிறது. ஒரு ஆயா எழுந்து, "முன்னாடி நாங்க மட்டுந்தான் பேசுவோம், பின்னாடி நீங்க மட்டுந்தான் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அது அறிக்கையில் வரவில்லை. 6,000 வந்தது, ஐந்து நாளுக்கு.

நேற்றுப் பொறியாளருக்காக வாதாடியவள் இன்று ஆலோசகரைத் திட்டுகிறேன். தெரிகிறது. வேலை தெரிந்தவருக்குக் கொடுப்பது ஒன்று, பேசத் தெரிந்தவருக்குக் கொடுப்பது இன்னொன்று. முதல் நாளே பிரித்துப் பார்க்கத்தான் வழி தெரியவில்லை.

2 ஜனவரி 2025

கொஞ்சம் சிரிப்போம். 2006-இல் என்னைப் பெண் பார்க்க விருத்தாசலத்திலிருந்து வந்தார்கள். "பொண்ணு என்.ஜி.ஓ.வுல வேலை" என்று தரகர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா தலைமுறைக்கு என்.ஜி.ஓ. என்றால் அரசு ஊழியர். என்.ஜி.ஓ. சங்கம், என்.ஜி.ஓ. காலனி எல்லாம் அவர்களுடையதுதானே. பஜ்ஜி சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லாம் நன்றாகப் போனது. "பென்ஷன் பழைய ஸ்கீமா, புது ஸ்கீமாம்மா?" என்றார். நான் விளக்கினேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள்.

5 ஜனவரி 2025

திருப்பாதிரிப்புலியூர்க்காரர் ஒருவர் அப்பரைக் கொண்டுவந்துவிட்டார். "தொண்டு என்ற சொல்லுக்கே கைம்மாறு கருதாதது என்றுதான் பொருள். அப்பர் உழவாரம் பிடித்தது சம்பளத்துக்கா?" என்கிறார். கல்லைக் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறிய ஊர்க்காரர் சொல்கிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஐயா, அதே அப்பர் கதையில் திருவீழிமிழலை வருகிறதே. பஞ்ச காலம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினமும் ஆளுக்கொரு பொற்காசு படியாக வைத்தான். அப்பரின் காசு கடையில் உடனே மாறியது. சம்பந்தரின் காசுக்கு மட்டும் வாசி கேட்டார்கள், அதாவது மாற்றிக்கொடுக்கக் கழிவு பிடித்தார்கள். ஏன் என்று கேட்டால், அப்பர் உடல் வருந்த உழவாரப் பணி செய்கிறவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்பார்கள் பெரியவர்கள். கை நோக வேலை செய்தவனுக்கு முழுக் காசு என்று கடவுளே கணக்கு வைத்திருக்கிறான். நாம் என்னடாவென்றால் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

6 ஜனவரி 2025

அவரே வந்து மடக்கிவிட்டார். அந்தப் பொற்காசு அடியார்களுக்குச் சோறு போடக் கொடுத்தது, அவர்கள் கையில் வைத்துக்கொள்ளக் கொடுத்ததில்லை என்கிறார். சரிதான். அது சம்பளம் இல்லை, ப்ராஜெக்ட் ஃபண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் சமைத்தவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கதையை அந்த அளவுக்கு நோண்டக் கூடாது.

19 ஜனவரி 2025

"எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் செயலர் ஒரு பைசா சம்பளம் வாங்குவதில்லை. அவரைப் போல எல்லோரும் இருந்தால் இந்தப் பேச்சே வராது" என்று விழுப்புரத்திலிருந்து. இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் டைரக்டர் சாரும் அப்படித்தான். 2005-இல் நான் சேர்ந்தபோது சம்பளம் பூஜ்யம். பழைய டி.வி.எஸ். 50, இரண்டு கதர்ச் சட்டை. திருடர் கிடையாது, நான் கணக்கு எழுதியவள், எனக்குத் தெரியும். சுனாமி அன்று முதல் ஆளாகப் பிணம் தூக்கியவர்.

ஆனால் யாராவது சம்பளம் கூட்டிக் கேட்டால் அவர் சொல்வது ஒன்றுதான்: "நானே ஒரு பைசா எடுக்கறதில்லைம்மா." அதற்கு மேல் என்ன பேசுவது? கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் 2,200-ம் பேராசை மாதிரித்தான் தெரியும்.

அவருக்குப் பண்ருட்டிப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் முந்திரி. அப்பா காலத்துத் தோப்பு, இடையிடையே பலா. மகசூல் பணம் வருடா வருடம் வரும். அதுதான் அவருடைய சம்பளம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அது இல்லை, அவ்வளவே. அனிமேட்டர் அக்காவுக்கு மூன்று சென்ட் தொகுப்பு வீடு. இரண்டு பேரும் ஒரே சேவையைத்தான் செய்தார்கள்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டி முந்திரியெல்லாம் வேரோடு சாய்ந்தது நினைவிருக்கும். சாருடைய தோப்பில் ஒரு மரம் பாக்கியில்லை. முந்திரி வைத்தால் மறுபடி காய்ப்புக்கு வர வருடங்கள் ஆகும்.

2012 மார்ச் கடைசியில் ஒரு நாள், எல்லோரும் போன பிறகு என் மேஜைக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார், எப்போதும் உட்கார்ந்துதான் பேசுவார். "ஏம்மா, செயலர் கௌரவ ஊதியம்னு ஒரு தலைப்புல போட முடியுமா? நிர்வாகச் செலவு ரொம்ப ஏறிடுமோ?" என்றார். குரலே வெளியே வரவில்லை. ஏறாது சார் என்றேன். ஏப்ரல் முதல் மாதம் 15,000.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதே மாதம், யாரும் கேட்காமலே, சமையல்காரம்மாவுக்கு 500 ரூபாய் கூட்டினார். எனக்கும் அக்காவுக்கும் 300. அதன் பிறகு "நானே எடுக்கறதில்லை" என்ற வாக்கியத்தை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்கவில்லை.

விழுப்புரம் நண்பரே, உங்கள் செயலருக்குத் தோப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

28 ஜனவரி 2025

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். டான் பல்லோட்டா என்பவர் 2013-இல் பேசியது. கம்பெனித் தலைவருக்குக் கோடிகள் கொடுக்கிறோம், பசியைப் போக்குகிறவருக்குக் கொடுத்தால் மட்டும் முகம் சுளிக்கிறோமே என்கிறார். நன்றாகப் பேசுகிறார். ஆனால் அவர் பேச்சு மேலே இருப்பவரைப் பற்றியது. கீழே பாத்திரம் தேய்ப்பவரைப் பற்றி எனக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கு அந்த ஊரில் பிடித்தது வேறு. அங்கே பெரிய தொண்டு நிறுவனங்கள் வருடா வருடம் வரித் துறைக்கு 990 என்று ஒரு படிவம் கொடுக்கின்றன. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்பது பெயரோடு அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கே அப்படி ஒரு தாள் இருந்தால் லாஸ்பேட்டை சார் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்.

12 பிப்ரவரி 2025

நேற்று தைப்பூசம். அம்மாவோடு வடலூர் போயிருந்தேன். ஜோதி பார்த்துவிட்டு, அன்னதானத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்தேன். பூசணிக்காய். மூன்று மணி நேரம். கை வலித்தது, மனசு லேசானது. 1867 மே 23-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று எல்லோரும் சொல்வோம். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள், அரிசி வந்துகொண்டே இருக்கிறது, அதெல்லாம் சரி.

எனக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு நினைப்பு. இன்று 12-ஆம் தேதி. நான் சேதராப்பட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குப் பூசணிக்காய் யார் நறுக்குவது?

வருடத்தில் ஒரு நாள் நறுக்குகிறவளுக்குக் காசு கொடுத்தால் அவமானம். தினமும் நறுக்குகிறவருக்குக் கொடுக்காவிட்டால் அதுவும் அவமானம், அவருக்கில்லை, நமக்கு. இந்த இரண்டு பேரையும் "தொண்டர்" என்று ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

அரசாங்கமும் இதில் கெட்டிதான். அங்கன்வாடி அக்காக்களுக்குக் கொடுப்பது சம்பளம் கிடையாது, "மதிப்பூதியம்". திட்டம் தொடங்கியது 1975-இல். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில். நடுவில் ஓய்வு பெற்றுப் போனவர்கள் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

2 மார்ச் 2025

ஏன் விட்டீர்கள் என்று டிசம்பரில் கேட்டார்களே. தள்ளிப்போட்டேன்.

நன்கொடை தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு நிபந்தனை போடும்: மொத்தத்தில் ஒரு பங்கை நீங்கள் உள்ளூரில் திரட்ட வேண்டும். "உள்ளூர்ப் பங்களிப்பு" என்பார்கள். கடலூரில் குப்பத்திலும் காலனியிலும் போய் யாரிடம் திரட்டுவது? அதனால் ஒரு வழி வைத்திருந்தோம். எங்களுடையது மட்டும் என்று நினைக்காதீர்கள்.

பட்ஜெட்டில் என் சம்பளம் 7,500. சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடும் அக்விட்டன்ஸ் ரெஜிஸ்டரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் 7,500-க்குக் கையெழுத்துப் போடுவேன். கையில் வருவது 4,500. மீதி 3,000-க்கு நன்கொடை ரசீது, என் பெயரில், என் கையெழுத்திலேயே. பதினான்கு பேருக்கு இப்படி மாதா மாதம் எழுதினேன். ரசீதின் அடியில் "80ஜி பிரிவின்படி வரி விலக்கு உண்டு" என்று அச்சடித்திருக்கும். வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே விலக்கு!

அந்தப் பணம் யார் பையிலும் போகவில்லை. 2009-இல் ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வருவதற்குள் ஐந்து மாதம் இடைவெளி. இல்லத்துக்கு அரிசியும், எங்களுக்குப் பாதிச் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தன. அதனால்தான் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். நல்ல காரியத்துக்குத்தானே என்று இருந்தேன்.

2012 கடைசியில் அனிமேட்டர் அக்காவின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. கடன் வாங்க ஒரு தனியார் நிதி நிறுவனத்துக்குச் சம்பளச் சான்றிதழ் கேட்டார். என்ன தொகை போடுவது? கையில் வாங்குவதைப் போட்டால் ரெஜிஸ்டர் பொய்யாகும். ரெஜிஸ்டரில் இருப்பதைப் போட்டேன். அந்தத் தொகைக்குத் தகுந்த கடன் கொடுத்தார்கள். வாங்காத சம்பளத்துக்கு வட்டி கட்டினார் அக்கா. மூன்றாவது தவணையிலேயே திணறிப்போனார். யாரையும் குறை சொல்லாமல் என்னிடம் வந்து, "நீ எழுதினது சரிதாம்மா, நான்தான் யோசிக்கலை" என்றார்.

2013 மார்ச்சில் ராஜினாமா கொடுத்தேன். ரசீது அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்தேன், 42 மாதம், என் பங்கு மட்டும் 1,26,000 ரூபாய்.

4 மார்ச் 2025

"இவ்வளவு தெரிந்தும் எட்டு வருடம் எழுதினீர்களே, நீங்களும் உடந்தைதானே?"

ஆமாம்.

5 மார்ச் 2025

நேற்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்கிறார்கள். வேறென்ன சொல்ல? ஒன்று மட்டும். அந்த வருடங்களின் ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும், பெரிய தொகை மேலே, சிறிய தொகை கீழே. கடலூர் ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் வருடத்துக்கு 25,000 கொடுத்து முதல் இடத்தில் இருப்பார், விழாவில் சால்வையும் உண்டு. அக்கா கொடுத்தது 24,000. "ஊழியர்கள்" என்று ஒரே வரியில் மொத்தமாகப் போட்டுவிட்டேன்.

30 நவம்பர் 2025

இந்த இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். நெய்வேலி ஆடிட்டர் எழுப்பிவிட்டார். 21-ஆம் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன.

1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் "தொழில்" என்ற சொல்லை அகலமாக விரித்தது. கூலிக்கு ஆள் வைத்து முறையாக வேலை நடத்தினால் தர்ம நிறுவனமும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் தகராறு எழுப்ப அது ஒரு பிடி. புதிய தொழிலுறவுத் தொகுப்பில் அந்த வரையறையிலிருந்தே தர்ம, சமூக சேவை நிறுவனங்களை எடுத்துவிட்டார்கள். பிடி போச்சு.

ஆனால் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு நல்லதும் இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுத்தவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை. 1972 சட்டத்தில் ஐந்து வருடம் வேண்டியிருந்தது. எங்கள் ப்ராஜெக்டுகள் மூன்று வருடம்தான் ஓடும். மார்ச் 31 முடித்து, ஏப்ரல் 2-ஆம் தேதி புது ஆளாகச் சேர்ப்போம். நான் எட்டு வருடம் வேலை செய்தேன், ஐந்து வருடம் ஒரு முறையும் முடிக்கவில்லை. ஏப்ரல் 1-ஆம் தேதி மட்டும் நான் அங்கே வேலை செய்யவில்லை. அன்றைக்கும் வந்து கணக்கு எழுதினேன் என்பது வேறு விஷயம். பொருத்தமான தேதிதான்.

14 டிசம்பர் 2025

சரியாக ஒரு வருடம் கழித்து லாஸ்பேட்டை சார் வந்திருக்கிறார். இந்த வருடமும் 10,000 கொடுக்கப் போனாராம். இந்த முறை ஆண்டறிக்கையைப் புரட்டாமல், சமையல்காரம்மாவுக்கு என்ன சம்பளம் என்று கேட்டிருக்கிறார். ஒரு வருடமாக இங்கே நான் புலம்பியதற்குக் கூலி கிடைத்துவிட்டது.

பதினோரு வருடமாக வேலை செய்கிறாராம். 8,500. பி.எஃப். உண்டா என்று கேட்டதற்கு, "மொத்தமே 18 ஊழியர்கள்தான் சார், 20 பேர் இருந்தால்தான் பி.எஃப். பொருந்தும்" என்று சொல்லியிருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர் போதுமே என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது பரவாயில்லை, "சட்டப்படி சரிதானே?" என்று என்னைக் கேட்கிறார்.

சார், 18 எனக்குப் பழக்கமான எண். நாங்களும் 18-இல்தான் நிற்போம். நானே எண்ணி நிறுத்தியிருக்கிறேன். அடுத்த முறை போகும்போது கேட்டில் இருக்கும் வாட்ச்மேனையும், சாயங்காலம் பாடம் சொல்லித்தர வரும் டீச்சரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இரவில் பிள்ளைகளோடு படுக்கும் அக்காவை "தன்னார்வலர்" என்று எழுதியிருப்பார்கள், அவரையும் விட்டுவிடாதீர்கள்.

எண்ணிவிட்டு எழுதுங்கள்.